கடைக்கு வரும் கல்லூரி மாணவர்: பயிற்சி கொடுப்பது எப்படி?



ஆண்டுதோறும் கோடை விடுமுறை நெருங்கும்போது கல்லூரி முத்திரை வைத்த கடிதம் ஒன்று நம்மில் பலருடைய கடைக்கு வருகிறது. தங்கள் மாணவர் இரண்டு பேருக்கு நம் நிறுவனத்தில் பயிற்சி அளிக்க முடியுமா என்று கேட்டிருப்பார்கள். முன்பெல்லாம் ஜவுளிக் கடைக்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்கும் மட்டும் வந்தது. இப்போது மளிகை மொத்தக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும்கூட வருகிறது. நம்மவர்களில் சிலர் அதைக் கல்லாப் பெட்டிக்கு அடியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். வேறு சிலர், சம்பளமில்லாமல் இரண்டு ஆள் கிடைத்தது என்று வரச்சொல்லி, ஒரு மாதம் துணி மடிக்க வைத்து அனுப்புகிறார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் எங்களிடம் சில ஆண்டுகளாக ஆடை வணிகம் படிக்கும் மாணவ மாணவியர் பயிற்சிக்கு வந்து போகிறார்கள். அதில் தெரிந்துகொண்டவற்றை நமது சங்க உறுப்பினர்களுக்கு இங்கே எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

அவர்கள் படிப்பது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "ஃபேஷன்" என்ற சொல்லைப் பார்த்ததும் தையல் வகுப்பு என்று பலர் நினைத்துவிடுகிறோம். உடை வடிவமைப்பு வேறு, "மெர்ச்சண்டைசிங்" வேறு. சரியான சரக்கை, சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான இடத்தில், சரியான விலைக்கு வைப்பது என்று ஐந்து சரிகளாக அதைப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைத்தானே நம் அப்பாவும் தாத்தாவும் பட்டப் படிப்பு இல்லாமல் செய்துவந்தார்கள்! நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் 1986-இல் டில்லியில் தொடங்கப்பட்டது. சென்னை தரமணியில் 1995-இல் அதன் கிளை வந்தது. அதன் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துக் கலைக் கல்லூரிகள் பலவற்றிலும் ஆடை சம்பந்தமான பட்டப் படிப்புகள் வந்துவிட்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்றால், வெளிநாட்டு பையரிடமிருந்து ஆர்டர் வாங்கி, சாம்பிள் காட்டி, நூல், சாயம், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றையும் விரட்டிப் பிடித்து, கப்பலேற்றும் வரை பொறுப்பேற்பவர். சில்லறைக் கடையில் மெர்ச்சண்டைசர் என்றால், எதை எத்தனை உருப்படி வாங்குவது, என்ன விலை போடுவது, எப்போது தள்ளுபடியில் கழிப்பது என்று தீர்மானிப்பவர். வருகிற மாணவர் இந்த இரண்டில் எதைக் கற்க விரும்புகிறார் என்று சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்றுமதி கற்க வேண்டிய பிள்ளை நம் கடையில் ஒரு மாதம் உட்கார்ந்தால் இரு தரப்புக்கும் வீண். அப்படிப்பட்டவரைத் தெரிந்த பனியன் கம்பெனிக்குக் கைகாட்டி விடுவதே நாம் செய்யும் உதவி.

நமக்கு என்ன லாபம்?

மனம்விட்டுப் பேசுவோம். நம் பிள்ளைகள் பலர் கல்லாவில் உட்கார வரவில்லை. பெங்களூரிலோ அமெரிக்காவிலோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கடையின் அறிவு எங்கே இருக்கிறது? எங்கள் கடையின் மூத்த விற்பனையாளர் நாற்பது ஆண்டுகளாகக் கவுண்டரில் நிற்பவர். எந்த ஊர்க் கடைக்காரர் எந்தக் கரை வேட்டியைக் கேட்பார், எந்தத் தறிக்காரர் துண்டு இரண்டு துவையலில் சாயம் விடும், எந்த மாதம் போர்வை நகரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. பேரேட்டில் ஒரு வரி கிடையாது. அவர் ஓய்வு பெறும் நாளில் அத்தனையும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். பெரிய சங்கிலித் தொடர் கடைகளில் இதே அறிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் நம்மோடு போட்டி போடுகிறார்கள். கேள்வி கேட்டு எழுதி வைக்க ஓர் இளைஞர் நம் கடைக்கு வருகிறார் என்றால், அவரைத் துணி மடிக்க வைப்பதைவிட நல்ல வேலை இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்

பயிற்சி உருப்படுவதும் வீணாவதும் இந்த இடத்தில்தான். "எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொள்" என்று விட்டால் மாணவர் மூன்றாம் நாள் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நம் கடைக்கு உண்மையிலேயே விடை வேண்டியிருக்கிற ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அது சிறியதாக இருக்கலாம், ஆனால் விடை தெரிந்தால் நாளை நமது கொள்முதல் மாற வேண்டும்.

உதாரணமாக, சில்லறை ரெடிமேட் கடை ஒன்று ஆண்கள் சட்டை 120 வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். 38, 40, 42, 44 என்று நான்கு அளவிலும் 30 வீதம். ஆறு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் 78 விற்றிருக்கிறது. நூற்றுக்கு 65 போய்விட்டது, பரவாயில்லை என்று முதலாளி திருப்திப்படுவார். மாணவரை அளவு வாரியாக எண்ணச் சொல்லுங்கள். 38-இல் 12, 40-இல் 29, 42-இல் 27, 44-இல் 10. மீதி கிடக்கும் 42 சட்டையில் 38-ம் 44-ம் மட்டும் 38 உருப்படி. 40-இல் மிஞ்சிய ஒன்றே ஒன்றும் கறை பட்டதாக இருக்கும். அதாவது கடையில் சட்டை இருக்கிறது, வருகிறவருக்குச் சட்டை இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், 40 எந்த வாரம் தீர்ந்தது என்று பில்லைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்காம் வாரமே தீர்ந்திருந்தால், அடுத்த இரண்டு வாரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர் கணக்கு எந்தப் பில்லிலும் இராது. ஆகவே 29 என்பது விற்ற கணக்குத்தான். தேவை அதற்கு மேல். அடுத்த ஆர்டரை 20, 40, 40, 20 என்று போடலாமா என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும்.

கேட்டுவிட்டு இல்லாமல் போனவர் கணக்கு என்று சொன்னோம் அல்லவா, அதை எழுதுவதற்குப் பயிற்சி மாணவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. விற்பனையாளருக்கு அடுத்த வாடிக்கையாளர் காத்திருப்பார், எழுத நேரமிருக்காது. எங்களிடம் வந்த ஒரு மாணவிக்கு நைட்டிப் பகுதியைக் கொடுத்திருந்தோம். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் முழுவதும் நடப்பது உங்களுக்குத் தெரியும். நான்கு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கவுண்டர் ஓரம் நின்று, வருகிற சில்லறை வியாபாரிகள் முதலில் எதைத் தொட்டார்கள், என்ன கேட்டார்கள், எதை வாங்காமல் போனார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நிறம், விலை எல்லாவற்றையும் விட அதிகமாக வந்த கேள்வி, "பாக்கெட் வெச்சது இருக்குதுங்களா?" என்பதுதான். கவுண்டரில் "இல்லீங்க" என்ற பதிலோடு தினமும் முடிந்துபோன கேள்வி அது. தையல் யூனிட்டில் விசாரித்தால், வெட்டும்போது விழுகிற துண்டிலேயே பாக்கெட் வைத்துவிடலாம், கூலிதான் கொஞ்சம் கூடும் என்றார்கள். இப்போது எங்கள் நைட்டியில் பாக்கெட் உண்டு.

இன்னும் சில கேள்விகள் சொல்கிறோம். ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கும் சரக்கு எது, எவ்வளவு பணம் அதில் முடங்கியிருக்கிறது? ஒரே விலை வட்டத்தில் தேவைக்கு மேல் எத்தனை ரகம் வைத்திருக்கிறோம்? கடைக்குள் வருகிறவர் முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறார்? 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 2,500 வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்றும், அதற்கு மேல் 18 சதவீதம் என்றும் ஆனதே, அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் உருப்படிகளின் விற்பனை எப்படி இருக்கிறது? இவற்றில் ஒன்று போதும். இரண்டைக் கொடுத்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

மளிகைக் கடைக்கு

சட்டை அளவு எண்ணிய அதே கைதான் மல்லித்தூள் பாக்கெட்டையும் எண்ணும். 50 கிராம், 100 கிராம், 200 கிராம், பத்து ரூபாய்ப் பாக்கெட் என்று வைத்திருக்கிறோமே, அவற்றில் எது முதலில் தீர்கிறது, எது தூசி படிகிறது என்பது அளவுக் கணக்குத்தான். நாள் முடியப் போகும் சரக்கைத் தேதி வாரியாகப் பிரித்து, முந்தி வந்தது முந்திப் போகும்படி அடுக்குவது இன்னொன்று. கண்மட்டத் தட்டில் எதை வைப்பது, குழந்தையின் கை எட்டும் தட்டில் எதை வைப்பது என்பதை இந்த மாணவர்கள் ஒரு பாடமாகவே படித்து வருகிறார்கள். பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களையும் இதே முறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கை மட்டும் மளிகைக்காரர்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். ஜவுளியில் 100 ரூபாய் போட்டு 25 ரூபாய் லாபம், ஆண்டுக்கு மூன்று சுற்று என்றால் 75 ரூபாய். சர்க்கரையில் 100 ரூபாய்க்கு 3 ரூபாய்தான் லாபம், ஆனால் இருபத்து நாலு சுற்று என்றால் 72 ரூபாய். எண்கள் உதாரணத்துக்குத்தான், கடைக் கடைக்கு மாறும். லாப விகிதத்தை மட்டும் பார்க்கக்கூடாது, பணம் எத்தனை முறை திரும்பி வருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது மளிகைக்காரருக்குக் கைவந்த கலை. ஜவுளிக்காரராகிய எங்களுக்கே அது அடிக்கடி நினைவூட்டப்பட வேண்டிய விஷயம்.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது?

நம்மில் பலர் கடிதத்தைக் கல்லாவுக்கு அடியில் தள்ளுவதற்கு உண்மையான காரணம் சோம்பல் அல்ல, பயம். கொள்முதல் விலை வெளியே போய்விடுமோ, நாளை இதே மாணவர் எதிர்க்கடைக்கு வேலைக்குப் போவாரோ என்ற பயம். அது நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஜவுளிக் கடைகளில் அடக்க விலையைச் சீட்டில் எழுத்தாகக் குறிக்கும் பழக்கம் பழையது. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துக் குறிச்சொல் ஒன்றைக் கடைக்கென்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். விற்பனையாளருக்குப் புரியும், வாடிக்கையாளருக்குப் புரியாது. அந்தக் குறிச்சொல்லை மாணவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மேலே சொன்ன கேள்விகளுக்கெல்லாம் உருப்படிக் கணக்கும் விற்பனை விலையும் போதும்.

கடன் பேரேட்டைக் காட்டவே கூடாது. அது நம்முடைய ரகசியம் மட்டுமல்ல, நம்மை நம்பிச் சரக்கெடுத்தவருடைய மானமும்கூட. வாடிக்கையாளர்களின் கைபேசி எண்களும் அப்படியே. படம் எடுப்பதைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். அறிக்கையில் ஒட்டுவதற்குப் படம் கேட்பார்கள். கடையின் முகப்பு, அடுக்கு முறை ஆகியவற்றை எடுக்கலாம், சீஸனுக்கு முன்பு வந்த புது டிசைனை எடுக்கக்கூடாது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அறிக்கை கல்லூரிக்குப் போகும் முன் நாம் ஒருமுறை படிப்போம் என்றும் கடிதத்தில் சேர்த்துவிட வேண்டும்.

நாட்கள், பணம், சட்டம்

பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இளநிலை மாணவர்களுக்கு நான்காம் பருவத்துக்குப் பின் 60 முதல் 120 மணி நேரப் பயிற்சி வேண்டும். 120 மணி என்றால் நாளொன்றுக்கு 6 மணி வீதம் 20 நாள். எத்தனை மணி வேண்டும் என்பதைக் கல்லூரிக் கடிதத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிப் பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர் வருவது வேறு, 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்து ஆள் எடுப்பது வேறு. பின்னதில் உதவித்தொகை, காலம் எல்லாம் விதிக்குட்பட்டவை. 2014 திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் அந்த வழியைத் திறந்தது. 2019-இல் விதிகள் மாறியபோது, நான்கு பேர் வேலை செய்யும் நிறுவனமும் விரும்பினால் எடுக்கலாம், முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று. அந்த வழியில் போக நினைப்பவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் அன்றைய உதவித்தொகை விகிதத்தைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட வேண்டும். 2024-இல் மத்திய அரசு அறிவித்த பிரதமர் பெயரிலான பயிற்சித் திட்டம் நாட்டின் முதல் 500 பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து வந்தது. நம் போன்ற கடைகளுக்கானதல்ல.

கல்லூரி மாணவருக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் தர வேண்டும் என்பது எங்கள் கட்சி. பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, அதற்கு மேல் கையில் ஒரு தொகை. வாரம் முடிந்ததும் விற்பனையாளர்களோடு சேர்த்து அதே கல்லாவிலிருந்து கொடுங்கள். கேட்கும் வேலையின் தரமே மாறிவிடும். சான்றிதழுக்கு மட்டும் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. "ஒரு மாதம் வந்ததாகப் போட்டுக் கொடுங்க சார், போதும்" என்பார்கள். ஓர் இடைத்தரகர் எங்களிடம் பத்துப் பெயர்ப் பட்டியலோடு வந்து, தலைக்கு இவ்வளவு என்று பேசினார். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். அப்படி ஒரு கடையின் முத்திரை ஊருக்குள் விலைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்தால், உண்மையாக உழைத்த பிள்ளையின் சான்றிதழுக்கும் மதிப்பு போய்விடும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். ஆகவே இதைப் பச்சையாகவே எழுதுகிறோம்: பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாத கடை மாணவியரைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். முதலில் அதைக் கட்டுங்கள். வேலைக்கு இருக்கும் பெண்களுக்கும் ஆகும். மாலை ஆறு மணிக்கு அனுப்பிவிட வேண்டும். இரவுச் சந்தையைப் பார்க்க விரும்பினால் பேராசிரியரோ பெற்றோரோ கூட வரட்டும். கிடங்குக்குத் தனியாக அனுப்புவதும் பேல் தூக்கச் சொல்வதும் கூடாது. பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பயிற்சியாளரையும் சேர்த்தே பாதுகாக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையில் அதற்கான உள்குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் மாவட்டத்து உள்ளூர்க் குழுவிடம் புகார் போகும். முதல் நாளே இதை மாணவியிடம் சொல்லிவிடுவது நல்லது. நம் ஆட்களிடமும் சொல்ல வேண்டும். கடைகளில் பணியாளர் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. மாணவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

யாரிடம் ஒப்படைப்பது?

முதலாளியே பார்த்துக்கொள்வது நடக்காத காரியம். கடையில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அவர் மூத்த விற்பனையாளராக இருப்பது நல்லது. கணக்குப்பிள்ளையிடம் விட்டால் பில் அடிக்க உட்கார வைத்துவிடுவார். முதலில் மூத்தவருக்குத் தயக்கம் இருக்கும். தன் வேலைக்கு ஆள் தயார் செய்கிறார்களோ என்று நினைப்பார். "உங்களுக்குத் தெரிந்ததை எழுதி வைக்கத்தான் இந்தப் பொண்ணு வந்திருக்கு" என்று நாமே வாயால் சொல்ல வேண்டும். மாணவர்கள் எல்லாரையும் "அங்கிள்" என்று கூப்பிடுவார்கள். கவுண்டரில் அது ஒட்டாது. அண்ணா என்று கூப்பிடச் சொன்னால் இரண்டு நாளில் கடைக்குள் கலந்துவிடுவார்கள். முதலாளியின் பங்கு வாரத்துக்கு அரை மணி நேரம். சனிக்கிழமை மாலை கல்லா முடிந்ததும் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். அந்த அரை மணியைத் தர முடியாதவர்கள் இந்த ஆண்டு மாணவரைச் சேர்க்காமலிருப்பதே மேல்.

ஏஜெண்டு சாம்பிளோடு வந்து உட்காரும்போது மாணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். விலை பேசும் இடத்தில் மட்டும் வெளியே அனுப்பினால் போதும். எதை எடுத்தோம், எதைத் தள்ளினோம், ஏன் என்று பிறகு அவரே சொல்லட்டும். கல்லூரியில் கிடைக்காத பாடம் அது ஒன்றுதான்.

எப்போது வரச்சொல்வது?

கல்லூரி விடுமுறையைப் பார்த்தால் மே மாதம். பள்ளிச் சீருடையும் முகூர்த்தத் துணியும் ஓடும் நேரம், பார்க்க நிறைய இருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம். யாரும் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. எங்களைக் கேட்டால் ஆடி மாதம்தான் உத்தமம். ஒரு பக்கம் பழைய சரக்கைத் தள்ளுபடியில் கழிக்கிறோம், மறுபக்கம் தீபாவளிக்கு ஆர்டர் போடுகிறோம். போன ஆண்டு வாங்கியது எதனால் நின்றது என்பதும், இந்த ஆண்டு எதை வாங்குகிறோம் என்பதும் ஒரே மேஜையில் நடக்கிறது. கல்லூரி நடக்கும் மாதமாயிற்றே என்றால், சனிக்கிழமைகளில் அனுப்பும்படி துறைத் தலைவரிடம் பேசிப் பார்க்கலாம். எங்களுக்கு ஒரு கல்லூரி ஒத்துக்கொண்டது.

மே மாதத்துக்கு ஆள் வேண்டுமானால் பிப்ரவரியிலேயே நாமே கல்லூரிக்கு எழுத வேண்டும். அவர்கள் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால், யார் வருகிறார் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. கடிதத்தில் கடை முகவரி, எத்தனை பேர், எந்த நாட்கள், காலை எத்தனை மணி முதல், கொடுக்கும் தொகை, பொறுப்பாளர் பெயர், விடை தேட வேண்டிய கேள்வி ஆகிய ஏழும் இருந்தால் போதும். அறிக்கையை ஆங்கிலத்தில்தான் கல்லூரி கேட்கும். கடைக்கென்று தமிழில் நான்கு பக்கம் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பனையாளர்கள் கையில் அதைத்தான் கொடுக்க முடியும்.